சாரல் பாடமும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

அது அறுபதுகளின் தொடக்கம். தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடையில், நெசவுத் தெருக்கள் நிறைந்த ஓர் ஊரின் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. இத்தனை வருடம் ஆகியும் அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், எரியுமா எரியாதா என்று.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்களில் இன்ஸ்பெக்ஷன் எந்த மாதம் வேண்டுமானாலும் வரும். எங்களுக்குச் சாரல் விழுந்தால்தான் வரும். அதிகாரி குடும்பத்தோடு குற்றாலத்தில் வந்து இறங்குவார். காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல், பதினொரு மணிக்குப் பள்ளிப் பரிசோதனை, சாயங்காலம் மறுபடியும் அருவி. தங்குவதற்கு இடம் பிடிப்பது, எண்ணெய் தேய்க்க ஆள் பார்ப்பது, மங்குஸ்தான் பழக் கூடை வாங்கி வைப்பது எல்லாம் தலைமையாசிரியர் பொறுப்பு. ஒரு வருடம் அதிகாரி வீட்டு ஈரத் துண்டுகள் எங்கள் ஆறாம் வகுப்பில், தேசப்படம் மாட்டும் கம்பியில் காய்ந்தன. பிள்ளைகள் அதற்கு அடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். யாருக்கும் கூச்சமாக இல்லை.

நான் வேலைக்கு வந்து அப்போது மூன்றாவது வருடம். பாடத்தை உரக்கப் படித்துக் காட்டி, கேள்வி பதிலை எழுதிப் போட்டு, நெட்டுருப் போடச் சொல்லும் முறை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிள்ளைகளை வாய்க்குள்ளேயே வாசிக்கச் சொல்வேன். வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். பிறகு இரண்டே கேள்விதான். என்ன புரிந்தது? அது சரியா? இரண்டாவது கேள்விக்குப் பாடத்திலிருந்தும் பதில் சொல்லலாம், தன் வீட்டிலிருந்தும் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம் கதைப் புத்தகத்துக்கு. நூலகம் என்று எங்களுக்கு இருந்தது ஒரு தகரப் பெட்டி. ஒரு கதைக்கு ஒரே பிரதி, முப்பத்திரண்டு பிள்ளைகள். என்ன செய்வது? தையலைப் பிரித்து பெஞ்சுக்கு ஒரு பகுதியாகக் கொடுத்துவிடுவேன். முதல் பெஞ்சு தான் வாசித்ததைச் சொல்லும், அடுத்த பெஞ்சு தொடரும். நடுவில் யாராவது எழுந்து, “அவன் செஞ்சது தப்புலே” என்று சண்டைக்கு வருவான். பள்ளி விட்ட பிறகும் வாசல்வரை அந்தச் சண்டை போகும். புத்தகத்தை மறுபடி தைத்துத் தருவது ஒரு நெசவாளர் வீட்டுப் பெண். தறியில் மிஞ்சிய நூலால் தைப்பாள். அச்சகத்துத் தையல் விட்டுப்போனாலும் போகும், அவள் தையல் விடாது.

அந்தத் தெருவில் எட்டாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தாலும், அவளுடைய வாப்பா பிடிவாதமாகப் படிக்க அனுப்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் தெருக் கோடியிலேயே இருந்ததால் முடிந்தது. பஸ் ஏறிப் போக வேண்டிய வேறு பள்ளிக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை அனுப்புவது நடக்காத காரியம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்திய வாரம் தலைமையாசிரியர் கேள்விகளைப் பங்கு போடுவார். ஒரு கேள்விக்கு ஒரு பிள்ளை. அதிகாரி கேட்டால் அந்தப் பிள்ளை மட்டும் எழுந்து பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சும்மா கையைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் பாடப் புத்தகத்தில் குற்றாலச் சாரலைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பட்டணத்தில் இருந்த யாரோ எழுதியது. அதில் ஒரு கேள்வி, சாரல் காலத்தில் மக்களின் நிலை என்ன என்று. குரல் கணீரென்று இருக்கும் என்பதால் அதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள்.

அதிகாரி வந்தார். தலைமுடி இன்னும் ஈரம், கண்கள் சிவப்பு, மேலெல்லாம் எண்ணெய் வாசனை. நல்ல குஷியில் இருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் எழுந்து, “சாரல் காலத்தில் மலையும் வயலும் குளிர்கின்றன. மக்கள் அனைவரும் மகிழ்ச்சிக் கடலில் திளைக்கின்றனர்” என்று பிசிறில்லாமல் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. “ஒப்பிக்கிறாயே, புரிந்துதான் சொல்கிறாயா? உனக்கு என்ன தோன்றுகிறது, அதைச் சொல்” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். என் பிள்ளை எப்படிப் பேசுவாள் என்று அவர் பார்க்கட்டுமே என்று எனக்கு ஒரே பெருமை.

“எங்க தெருவுல யாரும் சந்தோசமா இருக்க மாட்டாக சார். சாரல் விழுந்தா பாவு காயாது. தறிக்குழியில தண்ணி ஊறிக்கிடும். வாப்பா இன்னையோட ஒம்பது நாளா சும்மாதான் உக்காந்திருக்காக. இந்தப் பாடத்தை எழுதினவுக குளிக்க வந்தவுகளா இருக்கும் சார்.”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயிலில் காயவைத்தால்தான் நெசவு. நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் குழியில் தண்ணீர் நின்றால் தறியில் உட்காரவே முடியாது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்திருந்தால் அதிகாரிக்கே தெரிந்திருக்கும். வெறிச்சோடிக் கிடந்தது தெரு. ஆனால் பின்பெஞ்சில் ஒருவன் அவருடைய ஈரத் தலையைப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தான். வகுப்பே சிரித்துவிட்டது. அவர் முகம் கறுத்தது.

“இதை யார் சொல்லிக் கொடுத்தது?” என்று என் பக்கம் திரும்பினார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “நான்தான். புரிந்து வாசித்த பிள்ளை இப்படித்தான் பேசும்” என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? என் வாயிலிருந்து வந்தது வேறு. “புத்தகத்தில் உள்ளதைத்தான் நடத்தினேன் ஐயா. இது அவளாகச் சொல்வது” என்றேன். தலையை ஆட்டிப் பேச வைத்தவனும் நான், கைவிட்டவனும் நான். நடுவில் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பார்வைப் புத்தகத்தில் ‘எட்டாம் வகுப்பில் பாடமும் ஒழுக்கமும் கற்பிக்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டு அவர் குற்றாலம் போய்விட்டார். தலைமையாசிரியர் என்மேல் பாய்ந்தார். “என்னவே, புள்ளையளுக்கு இதைத்தான் படிச்சுக் குடுக்கீரா? அவளுக்கு டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்திருதேன், பாரும்” என்றார். வெறும் மிரட்டல் இல்லை. அன்றைக்கே அவள் வாப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அந்த மனிதர் மழையில் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. “வீட்டுல உள்ளதைத்தான சார் சொல்லியிருக்கா, பொய் ஒண்ணும் சொல்லலியே” என்றார் முதலில். டி.சி. என்ற பேச்சு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. “இங்கன இல்லேன்னா அவளை வேற எங்கன சார் அனுப்புவேன்?” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் தலைமையாசிரியரோடு நானும் குற்றாலம் போனேன். பழக் கூடையைச் சுமந்தது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி இடுப்பில் துண்டோடு பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒருவன் அவர் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் ரோஷம் மிச்சம் இருந்தது போலிருக்கிறது. “தோன்றுவதைச் சொல் என்று தாங்கள்தானே கேட்டீர்கள் ஐயா?” என்றேன்.

“கேட்டால் சொல்லிவிடுவதா?” என்றார் அவர்.

பிள்ளைகள் புரிந்து படிக்கிறார்களா என்று சோதிக்க அரசாங்கம் அனுப்பி வைத்த ஆள் பேசுகிற பேச்சா இது? கடைசியில் அவர் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். அந்தப் பெண் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். சாரல் காலத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள் என்ற வரி அதில் கட்டாயம் வேண்டும். எழுதித் தந்தால் டி.சி. வேண்டாம்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். அவள் வாப்பா எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வந்ததும் பேனாவைத் திறந்தாள். நான் வரி வரியாகச் சொன்னேன். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. ஒரு தறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ‘சாரல் காலத்தில் எங்கள் தெருவில் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்’ என்று நான் சொல்ல, அவள் அந்த அழகான கையெழுத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும் வாய்க்குள்ளேயே ஒருமுறை வாசித்தாள். தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வாசிச்சிட்டேன் சார். கேள்வி கேக்கலியா?”

குத்திக் காட்டவில்லை. அவள் முகத்தில் கேலியும் இல்லை. வகுப்பில் தினமும் நடப்பதுதானே என்று காத்திருந்தாள். என்ன புரிந்தது? அது சரியா? இரண்டில் ஒன்றைக்கூட என்னால் கேட்க முடியவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வகுப்புக்குப் போம்மா” என்றேன்.

டி.சி. கொடுக்கவில்லை. அவள் எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சை எழுதித் தேறினாள். அந்தக் கடிதத்தால்தானே தேறினாள் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த வருடம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் அவள் புத்தகத்தைத் தைத்துத் தந்தாளே தவிர, ஒரு நாளும் கை தூக்கவில்லை. நானாகக் கேட்டால் எழுந்து, “புத்தகத்துல இருக்கது சரிதான் சார்” என்பாள். உட்கார்ந்துவிடுவாள். நெட்டுருப் போட்ட பிள்ளைகள்கூட இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

அந்த அதிகாரி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீரவும் வேண்டாம். ஆனால் அவருக்கு அவளை ஒருநாள்தான் தெரியும். அவளை வாயைத் திறக்க வைத்தவனும், பிறகு அதை மூட வைத்தவனும் நான்தானே என்று, சாரல் விழும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.