பாலத்துக்கு இந்தப் பக்கம்

மேல்மாடி ஜன்னலை ஒரு சாண் அகலம் திறந்துவைக்கும் அனுமதி. அலுமாரியை மூலைக்குத் தள்ளியதால் கிடைத்த வெற்றுத் தரை. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பின் உம்மா எந்த வேலைக்கும் கூப்பிடாத அரைமணி நேரம். இவ்வளவையும் என் தங்கை ஸக்கியா அழாமல், சண்டை பிடிக்காமல், திரும்பத் திரும்பக் கேட்டே வென்றாள்.

அந்த அரைமணி நேரத்தில் அவள் நாலு மைல் தள்ளியிருக்கும் பேராதனைக்கு ஓடுவாள். நின்ற இடத்தில்தான். பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, ஜன்னல் இடுக்கில் தெரியும் மலைத்துண்டைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்து டிரில்லில் பழகியது போலக் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பாள். பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள்; எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. பேராதனை வீதியை அவள் கண்டது ஒரே ஒரு முறை, சின்னவளாக இருந்தபோது, கடுகண்ணாவையில் நடந்த ஒரு கலியாணத்துக்கு மாட்டு வண்டியில் பேராதனை ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகையில்.

ஆகவே வீதியின் செய்திகளை அண்ணனான நான்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடைச் சாமான்களோடு வாரந்தோறும் அந்தப் பக்கம் போகிறவன் நான்.

"நானா, கெட்டம்பையில அந்தப் பலாமரம் இன்னும் இரிக்கா?"

"வெட்டிட்டாங்க."

"அப்ப அங்க நிழல் இல்ல. வெரசாத் தாண்டிரணும்."

மறுநாள் அந்த இடம் வந்ததும் மெய்யாகவே வேகமாக ஓடியிருக்கிறாள். வியர்த்துப்போய்க் கீழே வந்து, "இண்டைக்கு வெயில் கூட" என்றாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஓடிய நாட்களில் இரண்டு தரம் சோறு கேட்பாள், உம்மாவைக் கேலி செய்வாள். ஓடாத நாட்களில் பாயின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை காரணம் கேட்டேன். "நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இரிக்கி நானா. ஓடினா அது கொஞ்சம் கொஞ்சமாக் கரையிது" என்றாள்.

கீழே எங்கள் கடை. விளக்குக் கண்ணாடிகளும் பீங்கான் கோப்பைகளும் விற்கிறோம். ஜூலை மாதம் ஒரு நாள் வாப்பா வழக்கத்துக்கு முந்தியே கடை திறந்துவிட்டார். தட்டில் இருந்த கண்ணாடிகள் கிணுகிணுத்தன. சாமான் வாங்க வந்த நளீர் முதலாளி அண்ணாந்து பார்த்தார்.

"ஹாஜியார், மேல குதிர கட்டிரிக்கிறீங்களா?"

"பூன. எலி புடிக்கிது."

"அந்த எலிய எனக்கும் ஒருக்காக் காட்டுங்க. மாட்டளவு இரிக்கும் போல."

வாப்பாவும் சிரித்தார். முதலாளி போனபின் மாடிக்கு ஏறி வந்து, "குமர்ப் புள்ளட கால் சத்தம் கடைக்குக் கேக்கப்படாது. சத்தமில்லாம ஏலுமெண்டாச் செய். இல்லாட்டி விட்டிரு" என்றார்.

அவள் நுனிக்காலில் ஓடிப் பார்த்தாள், பலகை காட்டிக்கொடுத்தது. பாய் விரித்துப் பார்த்தாள்; வழுக்கியது. பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உம்மா பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிய தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்தாள். மேலே கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்தது.

"நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறன், நானா" என்றாள். "தண்ணி போற சத்தம் கேக்குது. அங்கால போக ஏலா."

ரப்பர் அடி வைத்த கன்வஸ் சப்பாத்து கொழும்பில் விற்கிறார்கள், காலடிச் சத்தமே கேட்காது என்று ஒரு வியாபாரி எனக்குச் சொன்னார். தபாலில் வரவழைப்பதற்காகத் தங்கையின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்துகொண்டேன். அன்றைக்குத்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ட பேருக்கே எடுங்க நானா. இந்த ஊட்டுக்கு என்ட பேருக்கு ஒண்டும் வந்ததே இல்ல."

வாப்பாவிடமும் சொல்லி வைத்தேன். அவருக்குப் பிடிக்கவுமில்லை, அவர் தடுக்கவுமில்லை.

பார்சல் கடைக்குத்தான் வந்தது. நளீர் முதலாளி கோப்பை பொறுக்கிக்கொண்டு நின்ற வேளை. தபாற்காரர் செல்லப்பா யாழ்ப்பாணத்து மனிதர். மேலே எழுதியிருந்த தங்கையின் முழுப் பெயரை உரக்க வாசித்தார்.

"ஸக்கியா உம்மா எண்டது ஆர்?"

"என்ட மகள். நான் ஒப்பம் வெக்கிறன்" என்றார் வாப்பா.

"ஏலாது ஐயா, இது ரெஜிஸ்தர். பேருக்குரிய ஆள்தான் வைக்க வேணும். இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவம்."

"அவ வெளிய வாறல்ல."

"வரத் தேவையில்லை. கை வந்தாக் காணும்."

நளீர் முதலாளி ஒரு கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா செல்லப்பாவைக் கடைக்குப் பின்னால், மாடிப்படியடிக்கு அழைத்துப் போனார். அங்கே திரை தொங்கியது. அதற்கப்பால் உம்மாவின் குரல் கேட்டது.

"பெருவெரல வெச்சாப் போதும், புள்ள."

"எனக்கு எழுத ஏலும், உம்மா."

திரையின் ஓரத்தில் அவளுடைய கை வந்தது. செல்லப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்தார். வாப்பா அவரை மெல்ல விலக்கினார். தமது சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, அந்தக் கையில் வைத்தார்.

அது 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை.