சொல்லாத விண்ணப்பம்

வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கிழக்கில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு ஓடையும் ஒரு சாலையும் நெருக்கியடித்துக்கொண்டு போகிற ஊர். அங்கே தலை குனிந்து ஜெபிக்காமல் யாரும் ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். திருடன்கூட ஜெபித்துவிட்டுத்தான் திருடின ரொட்டியைத் தின்பான் என்று கேலி பேசுவார்கள். மற்றவர்கள் கண்ணை மூடியதும் வெர்னா மட்டும் கரண்டியைத் தட்டில் டங்கென்று வைத்து, சோள ரொட்டியைக் கடிப்பாள். வேண்டுமென்றேதான். அவர்கள் ஆமென் சொல்லி நிமிரும்போது பாதித் தட்டு காலியாகியிருக்கும்.

"ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஒரு நிமிஷம் இல்லையா வெர்னா?" என்று கேட்டாள் கூட வேலை செய்யும் லொரெட்டா.

"அவர் எனக்குச் செஞ்சதுக்கு நன்றி வேறயா? பீன்ஸ் ஆறிப்போகுது, தின்னுங்கடி."

மற்றவர்கள் தட்டை இழுத்துக்கொள்வார்கள். ஒற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன பேசுவது?

அவள் முன்பு இப்படி இல்லை. அவளும் அவள் தோழி ஓபலும் சிறுமிகளாக இருந்தபோது ஒரே நாளில், பனி உருகிவந்த மார்ச் மாதத் தண்ணீரில், அந்த ஓடையிலேயே ஞானஸ்நானம் எடுத்தவர்கள். கரையேறி ஒரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றபோது, "பரலோகத்துல சூடா இருக்குமாடி?" என்று ஓபல் கேட்டாள். "சூடா இருக்கறது அந்தப் பக்கம்டி" என்றாள் வெர்னா. சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் பாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கல்யாணம், பிரசவம், வெர்னாவின் புருஷன் நிலக்கரித் தூசியில் நுரையீரல் கெட்டுச் செத்தது என்று எல்லாவற்றிலும் ஓபல் கூடவே இருந்தாள்.

அவர்களுடைய சபையில் புதன் சாயங்காலம் ஜெபக்கூட்டம். விண்ணப்பம் உள்ளவர்கள் கையைத் தூக்கிச் சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கம் என்றால், "சொல்லாத விண்ணப்பம்" என்று மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். மானமும் மிஞ்சும், ஜெபமும் நடக்கும். நடுவில் அவசரம் வந்தால் ஜெபச் சங்கிலி இருந்தது. ஒருத்தி அடுத்தவளுக்குப் போன் செய்வாள், அவள் அதற்கடுத்தவளுக்கு. காபி ஆறுவதற்குள் சபை முழுக்க முழங்காலில் இருக்கும்.

வெர்னாவின் மகன் ஜாரட்டுக்குச் சுரங்கத்தில் முதுகு ஒடிந்தது. வலிக்கென்று டாக்டர் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் அவனை விடவில்லை. வெர்னா புதன்தோறும் கையைத் தூக்கி, "சொல்லாத விண்ணப்பம்" என்பாள். பல மாதம் அப்படியே போயிற்று. கடைசியில் நெஞ்சு தாங்காமல் ஓபலிடம் கொட்டிவிட்டாள்.

"உன்னோட இருக்கட்டும்டி" என்றாள்.

ஓபல் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெயரும் காரியமும் சொல்லாமல் ஜெபித்தால் ஜெபத்தில் வலு இருக்குமா? பிள்ளை கண்ணெதிரே அழிகிறானே! அன்பினால்தான் போனை எடுத்தாள். "ஜாரட்டுக்காக, மாத்திரைப் பழக்கம் விடணும்னு" என்று சங்கிலியில் போட்டுவிட்டாள். இந்த ஊரில் ஒரு ரகசியத்தைப் பரப்ப ஜெபத்தைவிட வேகமான வாகனம் கிடையாது.

மறுநாள் பெட்ரோல் பங்கில் சபை மூப்பர் ஒருவர் ஜாரட்டின் தோளில் கை வைத்தார். "தம்பி, உன் மாத்திரைப் பழக்கத்துக்காக நாங்க எல்லாரும் முட்டி போட்டிருக்கோம்" என்றார். பாசமாகத்தான் சொன்னார், அவனோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஆட்கள் முன்னால்.

ஜாரட் வீட்டுக்கு வந்து, "அம்மா, ஊருக்கே சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டான். அன்றைக்கே பக்கத்து மாநிலமான ஓஹாயோவுக்குக் கிளம்பிப் போனான். அங்கே மாத்திரை மிஞ்சிப்போய், குளிர்காலத்தில் அவனைச் சவப்பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

கல்லறைக் குழி ஓரத்தில், ஊர் பார்க்க வெர்னா ஓபலிடம் சொன்னாள்: "உன் நாக்குதான்டி என் புள்ளையைக் கொன்னுச்சு." அதற்குப் பிறகு அவள் ஆலயப் படி ஏறவில்லை, ஜெபமும் அதோடு நின்றது.

ஓபல் தன் பக்கம் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. ஆனால் புதன் சாயங்காலம் எல்லோரும் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் நேரத்தில், அவள் கார் வெர்னா வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும். ஹாரன் அடிக்க மாட்டாள், இறங்கவும் மாட்டாள். கூட்டம் முடிகிற நேரம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவாள். வெர்னா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். ஒருமுறை பனி கொட்டிக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து கத்தினாள்.

"வண்டியிலயே விறைச்சுச் செத்து வச்சீன்னா உன் பொணத்தை நான்தான் எடுக்கணும். வீட்டுக்குப் போடி!"

ஓபல் கண்ணாடியை இறக்கி, "சரிடி" என்றாள். அடுத்த புதன் மறுபடி வந்தாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

பிறகு ஒரு புதன் கார் வரவில்லை. அடுத்த புதனும் இல்லை. 'விட்டது சனியன்' என்று வெர்னா சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு டிவியைப் போட மறந்து ஜன்னலோரமே நின்றிருந்தாள். லொரெட்டாதான் விஷயத்தைச் சொன்னாள். ஓபலுக்குக் கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது. சபைக்குச் சொல்லக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம்.

வெர்னா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போனாள். கூடத்தில் போட்ட கட்டிலில் ஓபல் பாதியாகக் கிடந்தாள்.

"சபைக்குச் சொல்லலையாமே?"

"அந்தச் சங்கிலி என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதாடி?"

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் வாசல்ல உக்காந்து என்னதான் பண்ணே, இத்தனை வருஷமா?"

"ஜெபந்தான். முதல்ல நிறையச் சொல்வேன். அப்புறம் வார்த்தை தீந்துபோச்சு. உன் ஜன்னல் வெளிச்சத்தைப் பாத்துட்டு, 'ஆண்டவரே, வெர்னா, வெர்னா'ன்னு சொல்லிட்டு இருப்பேன்." ஓபலுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் கொஞ்ச நாள்ல ஜாரட்டைப் பாக்கப் போறேன். 'அம்மா உங்களை மன்னிச்சாங்களா அத்தை'ன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

"போற நேரத்துல என்னை மடக்கறியாடி?"

"ஆமா. வேற நேரம் ஏது?"

வெர்னாவுக்கு அழுகைதான் வந்தது. எத்தனையோ வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் தீர, ஓபலின் போர்வையில் முகம் புதைத்து அழுதாள். அழுகை நின்றபோது உள்ளே கிடந்த உண்மை தானாக வெளியே வந்தது.

"அம்மா மன்னிச்சுட்டாள்னு சொல்லு. அம்மாவும் மன்னிப்புக் கேட்டாள்னு சொல்லு. உன்கிட்ட வாயைத் திறந்தவ நான்தானே? அதை நினைக்கப் பயந்துதான் உன்னையும் ஆண்டவரையும் திட்டிட்டிருந்தேன்."

ஓபல் எலும்பாகிப்போன கையை நீட்டினாள். "ஒரு ஜெபம் பண்ணுடி."

"எனக்கு மறந்துபோச்சு."

"தெரிஞ்சதைச் சொல்லு."

வெர்னா கண்ணை மூடினாள். "ஆண்டவரே, உம்ம மேல இருக்கற கோபம் இன்னும் போகல. போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இவளை மட்டும் எனக்கு விட்டு வையும். எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்." இருவருக்கும் சேர்த்து ஓபல்தான் ஆமென் சொன்னாள்.

அன்று முதல் வெர்னா தினமும் வேலை முடிந்து வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. மலையில் மரங்கள் துளிர்க்கும் முன்பே ஓபல் போய்விட்டாள்.

அடக்க ஆராதனைக்கு வெர்னா ஆலயத்துக்குள் நுழைந்தாள். யாரும் திரும்பி வந்தாயா என்று கேட்கவில்லை. வாசலில் நின்ற பாஸ்டர் ஹெர்ஷல் மட்டும் சற்று நகர்ந்து வழி விட்டார். அவள் பாடவில்லை. கேட்ட ஒன்றே ஒன்றையும் கொடுக்காதவரை எப்படிப் பாடுவது?

வீட்டுக்கு வந்து, கோட்டோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். வீடு வெறிச்சென்று இருந்தது.

"எல்லாரையும் எடுத்துக்கிட்டீர்" என்றாள் சத்தமாக. "இனிமே நான் யார்கிட்ட பேசுவேன்?"

யாரிடம் கேட்டோம் என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அவளும் எழுந்து போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜாரட் பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அவரிடமே சொல்ல ஆரம்பித்தாள்.