நோர்வேயில் நின்ற தென்னை

ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில், நூலகக் கணினி முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம். நான் மதுரையிலிருந்து வந்த விருந்தாளி. என்னைத் தன் வீட்டில் தங்கவைத்திருக்கும் யாழ்ப்பாணத்துச் சிவா, அடுத்த மாதம் எக்குவடோரியல் கினிக்கு எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போகிறார். இங்கே பார்த்த வேலையை விட்டாயிற்று. கூடவே வரப்போகும் ஒன்பது வயது மகள் ஆரணிக்கு, அங்கே பிள்ளைகளுக்கான கோடை முகாம் தேடுகிறார்.

அந்தச் சின்ன ஆப்பிரிக்க நாட்டில் பதினொரு முகாம்கள் இருப்பதாகத் திரை சொல்கிறது. படத்தில் தென்னை, கடல், படகில் சிரிக்கும் பிள்ளைகள். ஒரு முகாமுக்கும் தெருப் பெயர் இல்லை. எனக்கு உறுத்துகிறது.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க. நாட்டுப் பேரை நார்வேன்னு மாத்திப் பாருங்க, சிவா."

"மதுரைக்காரர் நீங்கள் எல்லாத்தையும் பதம் பாப்பியள்," என்று சிரித்தபடியே மாற்றுகிறார்.

அதே பதினொரு முகாம்கள். அதே தென்னை, அதே பிள்ளைகள். வெளியே இந்த ஜூன் மாதத்திலும் சனங்கள் ஜாக்கெட்டோடு போகிறார்கள்.

"கள்ளர்," என்கிறார் சிவா.

ஆரணி திரையையே பார்க்கிறாள். "அப்பா, உங்கட வேலையும் கொம்பியூட்டரிலதானே வந்தது?"

"ஓம்."

"அந்தக் கடிதத்தில தெருப் பேர் இருக்கோ?"

சிவா முகாம் பக்கத்தை மூடிவிட்டுத் தன் மின்னஞ்சலைத் திறக்கிறார். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடிக்கிறார்.