நெல்லிக்காய்ச் சாறும் டபுள் ஷிப்ட்டும்

என் வீட்டுக்காரருக்கு ஈரல் சரியில்லை என்று ரத்தப் பரிசோதனைத் தாள் சொன்னபோது எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மூட்டை தூக்குகிறார். குடியை விட்டு மூன்று வருடமாகிறது. பழைய குருடி கதவைத் திறடி கதையாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். யார்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்; ஒரு மாதத்தில் மறுபடி பரிசோதிப்பார்களாம். அப்போதும் சரியில்லையென்றால் கேட் பாஸ் கிடையாது, வேலையும் கிடையாது.

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாய்யா?”

“தொட்டுக்கூட பாக்கலமே,” என்றார். அவ்வளவுதான். சண்டைக்கே வரவில்லை. மடியில் கனமில்லை என்றால் கத்தியிருப்பாரே என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா போனில் ஒரு வீடியோ காட்டினாள். நெல்லிக்காயில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதாம், ஈரலைக் கழுவித் துடைத்துவிடுமாம். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் மிக்ஸி ஓடியது. நெல்லிக்காய், பீட்ரூட், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே டம்ளரில். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கிளம்புவார். சாயங்காலம் வந்ததும் அவர் வாயை முகர்ந்து பார்ப்பேன். காட்டிவிட்டு அப்படியே பாயில் சாய்ந்துவிடுவார்.

மாதம் முடிந்து வந்த தாளில் எண் இன்னும் ஏறியிருந்தது. எண் இறங்கி, டாக்டர் ‘ஃபிட்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் இனி கேட் பாஸ் என்று யார்டில் சொல்லிவிட்டார்கள். மிக்ஸியைத் தூக்கி உடைக்கலாமா என்றிருந்தது. டோல்கேட் பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா குடியைப் பற்றி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

“ரத்தம் கொடுக்கறதுக்கு முந்தின நாள் என்ன வேலை பார்த்தீங்க?”

“டபுள் ஷிப்ட்டும்மா.”

“ரெண்டு தடவையுமா?”

“ஆமாம்மா. டெஸ்ட்டுக்குப் போனா அன்னிக்குக் கூலி போய்டும். அதுக்காண்டி எங்க செட்டு மொத்தமும் முந்தின நாளே ரெண்டு ஷிப்ட்டு தூக்கிடுவோம். இன்னும் ரெண்டு பேருக்கும் இப்படித்தான் ஏறிகீது.”

“வலிக்கு?”

“மாத்திரதான். காலைல ரெண்டு, சாய்ந்தரம் ரெண்டு. செட்டுல எல்லாரும் போடுவோம்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். ஈரல் கெட்டால் ரத்தத்தில் எந்த எண் ஏறுமோ, உடம்பை முறித்துத் தூக்கித் தசை நொந்தாலும் அதே எண் ஏறுமாம். அதோடு இத்தனை வலி மாத்திரையை ஈரலும் தாங்காதாம். “நெல்லிக்காய் நல்லதுதாம்மா, குடுங்க. ஆனா அது ஓய்வுக்குப் பதில் ஆகாது. ஒரு வாரம் எதையும் தூக்கக் கூடாது, அந்த மாத்திரையும் வேணாம். அப்புறம் ரத்தம் பார்க்கலாம்.”

ஷேர் ஆட்டோவில் கேட்டேன். “இத ஏன்யா எங்கிட்ட சொல்லல?”

“இன்னாத்த சொல்றது? தூக்கறது தெனம் கீறதுதானே.” ஆட்டோக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார். “நீ கத்தசொல்ல பதில் பேச தெம்பு இல்லமே.”

அந்தச் சோர்வைத்தான் நான் திருட்டுமுழி என்று ஒரு மாதமாகப் படித்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

முதல் இரண்டு நாளும் தூங்கியே தீர்த்தார். மூன்றாம் நாள் மீன் குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்டார். ஐந்தாம் நாள் டம்ளரை நீட்டினேன். “இன்னாமே இது, ரோட்ல ஊத்துனா தாரே வெளுத்துடும்!” என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்தாள். கல்யாணமான புதிதில் இந்த மனிதர் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

எண் இறங்கிவிட்டது. ‘ஃபிட்’ என்று கையெழுத்து விழுந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் வந்தவர் காலைக் கழுவிக்கொண்டு அப்படியே பாயில் சாய்ந்தார். “சாப்ட்டு படுய்யா,” என்றேன். அதற்குள் தூங்கிவிட்டிருந்தார். ஈரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் தாளை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்னைக் கிண்டல் செய்த அந்த மனிதர் எங்கள் வீட்டில் ஒரு வாரம்தான் இருந்தார்.