உள்ளே கட்டில், வெளியே ஸ்பேனர்

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலையில், இடத்தை வீணாக்காமல் இயந்திரங்களை எப்படி அமைத்து வைப்பது என்று ஒருமுறை வகுப்பு எடுத்தார்கள். அதனால் தொழிற்சாலைக்கு என்ன லாபம் வந்ததோ, எனக்குத் தெரியாது. செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் படுக்கையறைக்கு வினை வந்தது.

ரொம்பச் சின்ன அறை. அதற்குள் என் அம்மா வீட்டுத் தேக்குக் கட்டில், இரும்பு பீரோ, ஜன்னலை ஒட்டி என் தையல் மிஷின். வீட்டில் உருப்படியாக வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னல் அதுதான். ஹாலில் பட்டப்பகலிலும் லைட் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும், அதுவும் கரண்ட் இருந்தால். எட்டாம் வகுப்போடு நின்றுபோன என்னை இஞ்சினியர் வீட்டு அம்மாக்கள் வாசலில் வந்து கூப்பிட்டதெல்லாம் அந்த மிஷினால்தான். ரவிக்கை சரியாக இருந்தால் நான் அக்கா. ரவிக்கைக் கை இறுக்கிப் பிடித்தால் வெறும் டெய்லர்.

வகுப்பு முடிந்த கையோடு அவர் கிராஃப் தாள் வாங்கி வந்தார். கட்டில், பீரோ, இனிமேல் வாங்கப்போகிற டிரெஸ்ஸிங் டேபிள் என்று அட்டையில் அளவாக வெட்டி, கேரம் ஆடுகிற மாதிரி தாளின் மேல் நகர்த்திக்கொண்டே இருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். வாங்காத சாமானுக்குக்கூட அட்டை இருந்தது.

"மிஷின் எங்கங்க?"

"அது ஹாலுக்குப் போகுது. பெட்ரூம்னா தூங்கற இடம், ஃபேக்டரி கிடையாது."

ஃபேக்டரிப் பாடத்தை வைத்துப் பெட்ரூமை அடுக்குகிறவர் சொன்னது இது.

இன்னொரு கவலையும் இருந்தது. கவலைப்பட எனக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. அவர் சொல்கிற இடத்தில் கட்டிலைப் போட்டால் நேரே ஃபேனுக்கு அடியில் வரும். கழன்று விழுந்தால் என்ன ஆவது என்று கேட்டேன்.

"உன் கவலையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் அது ஒருநாள் விழப்போகுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தாசைக்கு அவருடைய செக்‌ஷன் நண்பர் வந்தார். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவர். ஆராதனை முடிந்து அதே இஸ்திரிச் சட்டையில் நேராக வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "டென்ஷன் நக்கோ, வேணவே வேணாம் அக்கா. அண்ணன் பிளான் பக்கா" என்றார். முதல் வேலையாக இரண்டு பேரும் மிஷினைத் தூக்கி ஹால் மூலையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

"கட்டிலைக் கழட்டிட்டுத் திருப்புங்களேன்" என்றேன்.

"கழட்டறது பிளான்லயே இல்ல" என்றார் வீட்டுக்காரர்.

கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. கட்டிலைத் திருப்ப இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே இழுபறிச் சத்தம். பிறகு, "உக்காந்துருச்சு பாருங்க அண்ணே" என்று நண்பரின் குரல்.

நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பீரோ, கால்மாடு கதவின் மேல் முட்டி, கதவைத் திறக்க வழியில்லை. தூக்கலாமென்றால் இடுக்கில் விரல் நுழையவில்லை. கிராஃப் தாளில் கதவு வெறும் கோடு. கோடு எந்தப் பக்கம் திறக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

"போல்ட்டைக் கழட்டிட்டா வேலை முடிஞ்சுது அக்கா. ஸ்பேனர் மட்டும் குடுங்க" என்றார் நண்பர்.

ஸ்பேனர் இருந்தது மிஷின் டிராயரில், பாபின்களோடு. எடுக்கப் போகும்போதே கவலைகளும் கூடவே வந்தன. மூச்சு முட்டினால்? பாத்ரூம் வந்தால்? ஃபேன் வேறு நேர் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. எடுத்து வந்தேன். ஆனால் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிஷின் எங்கங்க இருக்கணும்?"

"முதல்ல அதைக் குடு. அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா நீங்க வெளியில வந்திருப்பீங்க."

நண்பர் சட்டைக் காலரால் வாயைத் துடைக்கிற மாதிரி சிரிப்பை மறைத்தார். "கைக்கு அண்ணே, எதுக்கு அண்ணே சண்டை? எங்க வீட்ல பிரியாணி ஆறிப்போகுது."

என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார். அண்ணாந்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, ஜன்னல்கிட்டயே இருக்கட்டும்."

"டிரெஸ்ஸிங் டேபிள்?"

"ஹால்ல."

ஸ்பேனரை உள்ளே நீட்டினேன்.

கட்டில் பழைய இடத்துக்கே போனது, மிஷினும் போனது. அடுத்த மாதம் வந்த டிரெஸ்ஸிங் டேபிள் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்றது. அந்த இருட்டில் தலை சீவி, வகிடு ஒரு பக்கமாகக் கோண அவர் வேலைக்குப் போய்வந்தார். கிராஃப் தாளை நான் வீணாக்கவில்லை. ரவிக்கைக் கை வெட்ட அளவான தாள்.

ஸ்பேனருக்கு வேறு நல்ல இடம் பார்க்கலாமே என்று அவர் ஒருநாள் ஆரம்பித்தார். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.