ஒரு மஞ்சள் விளக்குக்கு எத்தனை எண்

எனக்கு எண்கள் என்றால் பயம் கிடையாது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் நில அளவைப் பிரிவில் உட்கார்ந்து தலை நரைத்தவன் நான். புல எண்ணைச் சொன்னால் அது எந்த ஏரிக்கரையை ஒட்டியது, எத்தனை உட்பிரிவு ஆனது என்று பாதி கிராமங்களுக்கு மனப்பாடமாகச் சொல்வேன். அப்படிப்பட்ட என்னைச் சுண்டைக்காய் அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று ஆட்டிவைத்தது. அந்த எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை.

விஷயம் என் மனைவியின் வலது கையில் தொடங்கியது. அவள் ஊருக்குள் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுப்பவள். கைக்குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாள் என்று பேர். ஒரு மழை நாளில் லேப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சின்னப் பொருள் எதையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. இப்போதே விரலுக்கு வேலை கொடுத்தால்தான் உண்டு, இறுகிவிட்டால் கஷ்டம் என்று பிசியோதெரபி பார்ப்பவர் சொல்லிவிட்டார். லேப் முதலாளி நல்ல மனிதர். "கை சரியானதும் வாங்கம்மா" என்றார். சரியாகாவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தினமும் பட்டாணியைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லியிருந்தார்கள். மறுநாளே கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"நான் இன்னா பால்வாடி புள்ளையா, பட்டாணி பொறுக்கிப் போட?"

சென்னையில் இருக்கும் அவள் தம்பிக்கு விஷயம் போனது. அவன் ஒரு பெட்டி அனுப்பினான். ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள். கீழே கடை, மேலே வீடு, வாசலில் ஒரு மஞ்சள் விளக்கு. பெட்டியில் படம் போட்டிருந்தது. பட்டாணிக்கு மூஞ்சியைத் தூக்கியவள் இதற்கு உட்கார்ந்துவிட்டாள். இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். சுவர் எழுந்தது, ஜன்னல் வந்தது, கூரையும் வந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கம்மியா இருக்குதுங்க. வாசல் விளக்கு."

பாயை உதறினேன். வீட்டைப் பெருக்கி, குப்பையைச் சலித்துக்கூடப் பார்த்தேன். இல்லை. சரி, போகட்டும், மிச்சத்தைக் கழற்றித் திரும்பக் கட்டு என்றேன். மாட்டேன் என்றாள். விளக்கு வந்தால்தான் தொடுவேன், இருட்டு வீட்டைக் கட்டி என்ன பண்ணுவது என்றாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். விரல் இறுகிப்போகும் என்ற பயமும் இருந்தது. ஒரு விளக்குதானே, வரவழைத்துவிடலாம் என்று இறங்கினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

கூரை ஓரத்தில் அதே வடிவத்தில் சாம்பல் நிறத் துண்டு ஒன்று இருந்தது. அதைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அடிவயிற்றில் எறும்பு எழுதியதுபோல் ஓர் எண். அடடா, ஒவ்வொரு துண்டுக்கும் புல எண் போட்டிருக்கிறானே, நம்ம ஆள் என்று சந்தோஷப்பட்டேன். உதிரித் துண்டு விற்கிற ஒரு கடைக்காரருக்குப் போனில் அந்த எண்ணை அனுப்பினேன். பார்சல் வந்தது. துண்டு கறுப்பு.

போன் போட்டுக் கத்தினேன். அவர் அசரவில்லை.

"சார், நீங்க குடுத்தது அச்சு நம்பர். அந்த அச்சுல எந்தக் கலர் ஊத்துனாலும் அதே நம்பர்தான் சார். கலர் நீங்க சொல்லணும்."

நிலம் ஒன்றுதான், நஞ்சையா புஞ்சையா என்பதை வேறு பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பதுபோல. சரி, அதுவாவது புரிகிறது. அவருடைய கேட்லாக்கைத் திறந்து அந்த எண்ணைத் தேடினேன். ஒரே எண் மூன்று இடத்தில் நின்றது. ஒன்று தனியாக, ஒன்று பின்னால் ஏ போட்டு, ஒன்று பி போட்டு. இங்கேதான் என் உத்தியோகப் புத்தி என்னைக் கவிழ்த்தது. எங்கள் அலுவலகத்தில் எண்ணுக்குப் பின்னால் எழுத்து வந்தால் நிலத்தைத் துண்டு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தாய் எண்ணுக்குள் எல்லாம் அடக்கம். எனக்கு எதற்கு ஏ-யும் பி-யும், முழுசையே கேட்போம் என்று வெறும் எண்ணை எழுதி, மஞ்சள் என்றும் எழுதினேன்.

அந்தப் பார்சல் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஊருக்குள் வண்டி விடவில்லை. லட்சம் பேர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள், என் பார்சலால் கூரியர் ஆபீஸிலிருந்து ஒரு தெரு நடந்து வர முடியவில்லை. கடைசியில் நானே போய் வாங்கி வந்தேன். மஞ்சள்தான். ஆனால் தலையில் ஓட்டை இல்லை. விளக்கின் மேல் ஒரு குச்சி செருக வேண்டும், அது நுழையாது. ஏ, பி என்றால் உட்பிரிவு இல்லையாம். காலப்போக்கில் அச்சை மாற்றிக்கொண்டே வந்ததன் அடையாளமாம். வெறும் எண் போட்டது பழைய அச்சு. அந்தக் கேட்லாக் எழுதியவன் கையில் கிடைத்தால் நிலம் அளக்கிற சங்கிலியைப் போட்டு அளந்திருப்பேன்.

இதற்குள் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு டிவி பார்த்தாள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"பார்சல் வரலன்னா விரல் காத்துக்கினு இருக்குமா? ஒரு நாளாவது கைய அசைச்சியா நீ?"

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள், இடது கையால். கத்தியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் கோபம் போகவில்லை.

பெட்டியோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். அங்கே எல்லாத் துண்டின் படமும் போட்டு, வடிவத்துக்கும் நிறத்துக்கும் சேர்த்து ஒரே நீள எண் கொடுத்திருந்தான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஆவலோடு எண்ணை எடுத்து அனுப்பினேன். வந்தது உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் கூரைத் துண்டு. அதுவும் ஒரு பை நிறைய, ஏனென்றால் அதைச் சில்லறையாக விற்க மாட்டார்களாம். எங்கள் பதிவேட்டில் முதலில் எண், அப்புறம்தான் விவரம். அந்தப் பழக்கத்தில் படத்துக்கு மேலே இருந்த எண்ணைப் படித்திருக்கிறேன். அவன் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூட வரவில்லை, அதன் வீட்டுக் கூரைதான் வந்தது.

அடுத்த முறை எண்ணை எழுதி, படத்தையும் போட்டோ எடுத்து, மேலே கீழே என்று அம்புக்குறி வரைந்து அனுப்பினேன். கடைக்காரர் "தெளிவா இருக்கு சார்" என்று பதில் போட்டார். என் சர்வீஸில் எந்த மேலதிகாரியும் அப்படிச் சொன்னதில்லை.

வந்தேவிட்டது. மஞ்சள், உருண்டை, தலையில் ஓட்டை. சட்டைகூட மாற்றாமல் அதை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மெடல் வாங்கி வந்தவன்போல் நின்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். வலது கையை நீட்டினாள். இரண்டு விரலும் துண்டின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன, நழுவின. மறுபடி போயின, மறுபடி நழுவின. பிறகு எழுந்து உள்ளே போனாள். மாத்திரை டப்பாவோடு வந்து, திறந்து என் முன்னால் கவிழ்த்தாள். அதே மஞ்சள், அதே ஓட்டை, அதே விளக்கு.

"மொதல்லேர்ந்தே இருக்குதுங்க. வெரல்ல நிக்கல. பெருசெல்லாம் எப்படியோ அழுத்திட்டேன், இது நிக்கவே இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அலைந்த அலைச்சல், கத்திய கத்தல் எல்லாம் ஒன்றாக மேலே வந்தது.

"அத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

"நம்பர் தப்புன்னா நீங்க யார்கிட்டயாவது போய் சண்டை போடுவீங்க. கைன்னா யார்கிட்ட போடுவீங்க?"

ஊசி பிடிக்கிற விரல் அது. விளக்கு நிற்காத விரலில் ஊசி நிற்காது என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதைத் தனியாக வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் டிவி பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தக் கூரைத் துண்டுப் பையை அவளே அவிழ்த்தாள். பெரியதாக இருந்ததால் விரலில் நின்றது. அது பழகியதும் கறுப்புத் துண்டு. அது பல தடவை விழுந்தது. பிறகு ஓட்டையில்லாதது. நான் தப்பாக வாங்கியது எல்லாம் வரிசையாக அவள் கையில் வேலைக்கு வந்தது. விளக்கை மட்டும் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை.

போன வாரம் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஒரு விளக்கை எடுத்தாள். பிளாஸ்டிக் வீட்டின் வாசல் வரை கொண்டுபோனாள். துண்டு நழுவி, தரையில் தெறித்து, பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. நான் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுக் குனிந்தேன்.

"விடுங்க. அதான் இன்னொண்ணு இருக்குதே" என்று சொல்லி, அடுத்ததை எடுத்தாள், வலது கையால்.