பனிக்கு முன் உழாத வைக்கோல்

வயலில் கால் வைத்ததும் குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. கூடவே அழுகிய முட்டை நாற்றம். நட்ட நாற்று பச்சை பிடிக்க வேண்டிய நேரத்தில் மஞ்சளடித்து நின்றது. மிட்சுயோ ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் கன்னங்கரேலென்று இருந்தது.

காரணம் தெரியாமல் இல்லை. ஜப்பானின் வடக்கே, இந்த அகிதாவில் அறுப்பு முடிந்ததும், பனி விழும் முன் வைக்கோலை மண்ணுக்குள் உழுதுவிட வேண்டும். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை பாக்டீரியாக்கள் இருக்கின்றன. காலும் கிடையாது, வாலும் கிடையாது. வழுக்கி வழுக்கியே நகர்ந்துபோய் வைக்கோலைத் தின்று செரித்துவிடும். போன வருஷம் அறுத்த கையோடு அவள் புருஷன் கென்சாகு பக்கவாதத்தில் விழுந்தான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவள் அலைந்ததில் பனி முந்திக்கொண்டது. வசந்தத்தில், வீட்டு டிராக்டரின் சாவி அகப்படாமல், ஊர்க்காரர் ஷிமோதாவின் டிராக்டரை இரவல் வாங்கி உழுது, உடனே தண்ணீர் கட்டி நட்டும் விட்டாள். இப்போது பாக்டீரியாக்கள் பயிருக்குப் போக வேண்டிய சத்தையும் பிடுங்கிக்கொள்கின்றன. மிச்ச வைக்கோல் காற்றில்லாத சேற்றில் அழுகுகிறது. பசித்தவனுக்கு அடுத்தவன் தட்டு என்று தெரியுமா என்ன!

இந்தப் போகம் போனால் நிலத்தைக் கூட்டுப் பண்ணைக்கு விட்டுவிடுவதாக மகனிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். கென்சாகுவிடமோ, "பனிக்கு முன்னாடியே உழுதாச்சு" என்று சொல்லியிருந்தாள். அவரைக் கவலைப்பட வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதால் வந்த வினை.

ஒரே வழிதான். தண்ணீரை வடித்து மண்ணுக்குக் காற்று காட்ட வேண்டும். மடையைத் திறந்தபோது, ஊரின் நீர்முறையைப் பார்க்கும் ஷிமோதா சைக்கிளிலிருந்து குதித்தார்.

"ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? இப்பத்தான் களைமருந்து போட்டே. தண்ணி போனா களைதான் விளையும்!"

"வேர் அழுகுதுண்ணே. வந்து மோந்து பாருங்க."

"நாறறது இங்கேயே தெரியுது. உன் முறை வர்றதுக்கு முன்னாடி தண்ணி கேட்டு என் வாசல்ல வந்து நிக்காதே, சொல்லிட்டேன்."

"நிக்க மாட்டேன்" என்றாள்.

மழை வரவில்லை. மண்ணில் மயிரிழை போல வெடிப்பு விட்டது. சோற்றுக்கு முன் உட்கார்ந்தால் இறங்கவில்லை. மிசோ சாறு ஆறிப்போகும், எழுந்து வயலுக்கு ஓடுவாள். களை வேறு தலை நீட்டியது. கெடுத்துவிட்டேன், நானே கெடுத்துவிட்டேன் என்று புலம்பினாள்.

தண்ணீர் முறை வந்த நாள் காலையில் பயந்து பயந்து ஒரு நாற்றைப் பிடுங்கினாள். கறுத்த வேர்களுக்கு நடுவே நாலைந்து புது வேர்கள், வெள்ளை வெளேரென்று! அதை ஈரக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு முதல் பேருந்தில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இனியும் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

கென்சாகு நல்ல கையால் வாங்கி மோந்து பார்த்தான்.

"வடிச்சியா?"

"வடிச்சேன். நான் பொய் சொல்லிட்டேங்க. பனிக்கு முன்னாடி உழவே இல்ல."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"டிராக்டர் சாவி என் கோட்டுப் பையிலதானேடி கிடந்துச்சு. குளிர்காலம் பூரா இங்கதான் இருந்துச்சு, அப்புறம் எப்படி உழுதிருப்பே?"

மிட்சுயோவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "தெரிஞ்சும் வாயத் திறக்கலயா? நான் அங்க செத்துச் செத்துப் பொழைச்சேன்!"

"கேட்டா நீ பயந்து நிலத்தை விட்டுடுவே. அதான் நானும் பயந்துபோய் சும்மா கிடந்தேன்." அவன் நாற்றை அவள் மடியில் திருப்பி வைத்தான். "தண்ணி முறை என்னிக்கு?"

"இன்னிக்கு. மத்தியானம்."

"அப்புறம் இங்க உக்காந்து என்ன பண்றே? ஓடு!"